ஞாயிறு இதழில் ஓர் ஆட்டத்துக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் சிறுகதை வருகிறது, கவிதை வருகிறது, குறுக்கெழுத்துக்கும் சுடோகுவுக்கும் தவறாமல் இடம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அரைப்பக்கம், நம் மலையகப் பிள்ளைகள் எழுதும் ரோல்பிளே ஆட்டம் ஒன்றுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கணினி விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள், ஒருவர் கதையை நடத்துவார், "இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று கேட்பார், சொன்னது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். காமன் கூத்தில் ரதி மன்மதனாக வேஷம் கட்டுகிற நமக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை. கூத்தில் மன்மதன் எரியப் போவது எல்லோருக்கும் முன்பே தெரியும், இங்கே முடிவு ஆடுகிறவர்கள் கையில் இருக்கிறது.

ஹட்டன் பக்கம் ஒரு வாசிகசாலையில் கூடும் பிள்ளைகள் தாங்களே எழுதிய ஆட்டம் ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கென்று இந்தியாவில் இருந்து வந்து, தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த ஒரு கூட்டம்தான் கதை. லூடோ பெட்டியில் வரும் தாயக்கட்டை இரண்டை உருட்ட வேண்டும். இரண்டையும் கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும் ஆனால் எதையாவது இழக்க வேண்டும், 6 அல்லது அதற்குக் குறைவு என்றால் சிக்கல். அமெரிக்காவில் வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட ஓர் ஆட்டத்திலிருந்து பலரும் எடுத்துப் பழகிய முறை இது. இரண்டு கட்டையும் விழக்கூடிய 36 விதத்தில் 6 தடவைதான் முழு வெற்றி, 15 தடவை பாதி, மிச்சம் 15 தடவை சிக்கல்தான்.

இதற்கு மேல் பிள்ளைகள் சொந்தமாகச் சேர்த்த விதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விழுந்த எண் பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை உருட்டலாம், ஆனால் ஒவ்வொரு தடவைக்கும், ஆட்களைத் திரட்டிக் கூட்டிவரும் கங்காணியிடம் கடன் வாங்க வேண்டும், தாளில் "பற்று" என்று ஒரு கட்டம், அதில் கோடு ஏறிக்கொண்டே போகும். மாத்தளை போய்ச் சேருகிற நேரம் ஒவ்வொருவர் தாளிலும் எத்தனை கோடு என்று எண்ணுகிறார்கள், கோடு கூடினவர்களுக்கு எந்தத் தோட்டம் என்று தெரிவு செய்யும் உரிமை கிடையாது. கங்காணி முறை எப்படி ஆளைக் கட்டிப்போட்டது என்று வகுப்பில் எத்தனை பக்கம் எழுதிக்கொடுத்தாலும் இப்படிப் புரியாது. காய்ச்சலில் விழுந்த கிழவரை விட்டுப் போவதா தூக்கிப் போவதா என்று ஒரு கட்டம் வந்தது. அவருடைய பேத்தியாக ஆடிய பிள்ளைக்கு 5 விழுந்தது, தாளைப் பார்த்தாள், ஏற்கெனவே பற்று நிறைய, "பரவாயில்ல, போடுங்க" என்று இன்னொரு கோடு போடச் சொல்லிவிட்டு மறுபடி உருட்டினாள். மேசையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் வெளியிடப் பெரிய கம்பனி வேண்டும் என்று நினைக்கிறோம். இந்த வகை ஆட்டங்களுக்குத் தொடக்கமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 1974இல் முதலில் ஆயிரம் பிரதிதான் அச்சானது. இரண்டு ஏ4 தாளை இரு பக்கமும் போட்டோகொப்பி எடுத்து, மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கக் கையடக்கப் புத்தகம் தயார். உலகம் முழுக்கச் சொந்தமாக ஆட்டம் எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அப்புறம் பிடிஎஃப் ஆக்கி இட்ச்.ஐஓ போன்ற தளங்களில் போடுகிறார்கள். விதியைப் பார்த்து எடுத்தால் வழக்கு வருமா என்று ஒரு பெற்றார் கேட்டார். நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதிய வசனத்தையும் வரைந்த படத்தையும் காக்கும், யோசனையையோ முறையையோ காக்காது. ஆகவே விதிமுறையை எடுத்து, சொந்த வசனத்தில் எழுதினால் பயமில்லை.

பணம்தான் தொல்லை. பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்று இந்த நாட்டுக்காரர்கள் பல வருடமாகப் பட்ட பாட்டை நீங்களும் அறிவீர்கள். வெளிநாட்டில் விற்கும் கனவை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள், முதலில் தமிழில் வாசிக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பத்திரிகையை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பண்டாரவளையில் ஒரு பிள்ளை உங்கள் இதழைப் பிரித்து, அன்று மாலையே லயத்து வாசலில் நாலு பேரைக் கூட்டி ஆடிவிடலாம். லூடோ கட்டை இல்லாவிட்டால் என்ன, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து நாலு கொட்டையைப் போட்டு ஆடுவதற்கும் விதி எழுதலாம். கட்டையை உருட்டினால் சூது என்று சொல்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதில் பந்தயம் கிடையாது, காசு கைமாறாது, வந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள்.

ஐந்நூறு சொல்லுக்குள் விதி, பாத்திரம், தொடக்கக் காட்சி மூன்றும் அடங்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்து உங்கள் இதழிலேயே அறிவித்தால் எழுத ஆள் இருக்கிறது. தலைமன்னார் ஆட்டத்தை அரைப்பக்க அளவுக்குச் சுருக்கித் தரப் பிள்ளைகள் தயார், எழுதியவர்களின் பெயரோடு போடுவீர்கள் என்றால் அடுத்த தபாலிலேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.