மழைக்கால வாடகைக்கு ஒரு வழி செய்யுங்கள்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்கும் தொழிலாளர் நலத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அக்டோபர் பிறந்தால் சென்னையில் கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் வீடுகளில் வாடகைப் பேச்சு ஆரம்பித்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் கான்கிரீட் போட முடியாது, வெளிப்பூச்சு நிற்காது, கடைக்கால் குழியில் தண்ணீர் நிற்கும். காலையில் டிபன் பாக்ஸோடு, வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வீட்டுக்காரர் முதல் மாதம் பொறுப்பார். அடுத்த மாதம் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். அதுவும் தீர்ந்தால் காலி செய்யச் சொல்வார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, பல பேருக்கு அந்த ஒற்றை அறை வாடகைதான் வருமானமே.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான். அடுத்த வீட்டுக்கும் அட்வான்ஸ் வேண்டுமே! மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதே சட்டம் வழியும் விட்டிருக்கிறது. வீடு கிடைக்காமல் அலைகிறவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? மாதா மாதம் வாடகை கட்டக்கூடிய குடும்பம்கூட இந்த மொத்தத் தொகையில்தான் சறுக்குகிறது. நாளாக நாளாக ஏறும் மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். இல்லையென்றால் கணவர் வேலை நடக்கும் கட்டடத்திலேயே படுத்துக்கொள்ள, மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போவார்கள். படிப்பு பாதியில் நிற்கும். ஊரிலும் யாரும் இல்லாதவர்களுக்குப் பிளாட்பாரம்தான்.

கட்டடச் செலவில் 1 சதவீதம் நல வரியாக உங்களிடம் வருகிறது. வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை தருகிறீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வாடகை வீட்டையே தக்கவைக்க முடியாதவருக்கு அது எட்டாத உயரம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது, அதை 8,000 ரூபாயாக உயர்த்தியும் இருக்கிறது. வேலை இல்லாத காலம் முன்கூட்டியே தெரியும் என்பதால்தானே அது சாத்தியமாகிறது? வடகிழக்குப் பருவமழையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது.

நான் கேட்பது மானியம்கூட இல்லை. வாரியத்தில் பதிவு செய்த உறுப்பினருக்கு மூன்று மாத வாடகை அளவுக்கு வட்டியில்லா முன்பணம் கொடுங்கள். பணம் நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஜனவரிக்குப் பிறகு, வேலை சூடுபிடித்ததும், சிறு தவணைகளாகத் திருப்பி வாங்குங்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டு மத்தியக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 22ஆம் பிரிவே, பட்டியலிட்ட உதவிகளோடு பிற நலத் திட்டங்களையும் விதிகள் வழியே சேர்க்க இடம் தந்தது.

ஒரு எச்சரிக்கை. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடித்தால் திட்டம் முதல் நாளே செத்துவிடும். வரிசையாக ஒற்றை அறைகள் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அபூர்வம். வீட்டுக்காரருக்கு வரி வருமோ என்ற பயம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாகக் கரண்ட் காசு வாங்குவது வெளியே தெரியுமோ என்ற பயம். ரேஷன் அட்டை முகவரியும் கள விசாரணையும் போதும் என்று வையுங்கள். போலி உறுப்பினர்கள் புகுந்துவிடுவார்கள் என்பீர்கள். வீட்டுக்காரர் கணக்குக்குப் போகிற, திருப்பிக் கட்ட வேண்டிய பணத்துக்குப் போலிகள் அவ்வளவாக வரமாட்டார்கள்.

சரி, முன்பணம் ஒரு மழையைத் தாண்ட உதவும். அடுத்த மழைக்கு? உதவித்தொகையோடு நடத்தும் திறன் பயிற்சிகளை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வையுங்கள். வேலை இருக்கும் மாதத்தில் கூப்பிட்டால் யார் வருவார்கள்? டைல்ஸ், உள் பெயின்டிங், பிளம்பிங் எல்லாம் மழையிலும் கூரைக்குக் கீழே ஓடுகிற வேலைகள். இருபது வருடம் செங்கல் சுமந்தும் சித்தாளாகவே நிற்கிற பெண்களுக்கு அதில் முதல் இடம் கொடுங்கள்.

அரசாணை அக்டோபரில் வந்தால் பணம் பொங்கலுக்குத்தான் கைக்கு வரும். எனவே ஜூனிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வாரியப் பதிவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒருவர்,
வியாசர்பாடி