மாலையில் மைதானத்தைப் பூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி நேரம் முடிந்ததும் விளையாட்டு மைதானங்களைப் பூட்டிவிடும் முடிவு பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். பாதுகாப்புக்காக என்கிறார்கள், சரி. ஆனால் வேலையும் கடனும் அழுத்தும் எங்கள் கம்பம் பகுதி மக்களுக்கு மனம் லேசாகச் செலவில்லாத வழி அந்த மைதானம்தான். பெரியவர்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு இடம் வேண்டாமா?

நான் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுபவன். விலை சரியும் நாட்களில் கழுத்தும் தோளும் இறுகி, யாரிடமும் பேசப் பிடிக்காது. வாலிபால் ஆடிச் சட்டை நனைய வீடு திரும்பினால், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடத் தோன்றும், தூக்கமும் வரும். இப்போது குமுளி சாலையோரம்தான் நடக்கிறோம். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஜீப்புகள், சபரிமலை சீசனில் பக்தர்களின் வண்டிகள். ஹெட்லைட் கண்ணில் அடிக்க ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் மனம் எப்படி இளகும்? நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைக்கும் பெண்களுக்கு அப்புறம் எதற்கு நடைப்பயிற்சி என்று சிலர் கேட்கிறார்கள். கூலிக்குக் குனிந்து நிமிர்வது வேறு, தோழிகளோடு பேசியபடி கைவீசி நடப்பது வேறு.

உள்ளாட்சியும் பள்ளி நிர்வாகங்களும் கலந்து பேசி, மாலை 6 முதல் 8 மணி வரை மைதானங்களைத் திறந்து, விளக்குக்கும் காவலாளிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். வாரத்தில் சில நாட்களைப் பெண்களுக்கென்றே ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர், கம்பம், தேனி மாவட்டம்