கடைக்குப் போன் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்லூரில் ஆறு மிஷின் போட்டு நைட்டி, உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் வேலை கேட்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "அக்கா, என் மேல திருட்டுக் கேஸ் இருந்துச்சு, நன்னடத்தையில விட்டிருக்காங்க, வேணாம்னா போயிர்றேன்" என்று ஒரே மூச்சில் சொன்னார். தையல் தெரியுமா என்று நான் கேட்பதற்குள் பாதி திரும்பிவிட்டார்.

ஏன் இப்படி என்பது அப்புறம்தான் தெரிந்தது. முன்பு அவர் வேலை பார்த்த துணிக்கடைக்கே அவருடைய நன்னடத்தை அலுவலர் (ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் வெளியே விட்டவரை மேற்பார்வை செய்பவர்) போன் போட்டு, "அந்தக் கேஸ் பொம்பள இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்த அலுவலரிடம் கையெழுத்துப் போடப் போனாலும் "உனக்கெல்லாம் எவன் வேலை குடுப்பான்" என்ற பேச்சுதானாம். ஊர் பேசினால் ஊர்வாய் என்று விட்டுவிடலாம், மேற்பார்வைக்கு என்று போட்ட ஆளே சொன்னால் அது இன்னொரு தீர்ப்பு மாதிரி அல்லவா காதில் விழும்?

தெரிந்த வக்கீல் தம்பியிடம் கேட்டேன். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 14-வது பிரிவு, தேவைப்பட்டால் தகுந்த வேலை கிடைக்க முயற்சி எடுப்பதை அலுவலரின் கடமையாகவே வைத்திருக்கிறதாம். 12-வது பிரிவுப்படி, இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் கிடையாது. இதை அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை!

பிறகு மாறுதலில் வேறொரு அம்மா அலுவலராக வந்தார். "ஓவர்லாக் ஓட்டுவீங்களா, காஜா எடுப்பீங்களா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாராம். "தொழிலை முதல்ல சொல்லுங்க, கேஸைப் பத்திக் கேட்டா மறைக்காம ரெண்டு வரியில சொல்லிட்டு நிறுத்திக்கங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பேச வேண்டும் என்றால் அந்தப் பெண்ணின் செல்லுக்குத்தான் கூப்பிடுகிறார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். நாலைந்து மாதத்தில் அந்தப் பெண் ஆளே மாறிவிட்டார். இப்போது விளக்குத்தூண் கடைகளில் அவரே போய் நின்று, பீஸுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டு ஆர்டர் பிடித்து வருகிறார் (எனக்குக்கூட அந்த வாய் கிடையாது).

ஆம்பளை என்றால் மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்கப் போகலாம், பழைய கதையை யாரும் கிளற மாட்டார்கள். பெண் என்றால் வீட்டுக்காரர் யார், ஏன் ஊரை விட்டு வந்தாய் என்று முதல் கேள்வியே அங்குதான் தொடங்குகிறது. அலுவலர்களுக்கு வேலைப்பளு இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் வேலை செய்யும் இடத்துக்குப் போன் போடுவதையும், நாலு பேர் முன்னால் கேஸைச் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்தச் சொல்லி மேலதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
செல்லூர், மதுரை.