அந்தக் கருங்கோடு ஒரு நிழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் ‘வானத்தில் மர்மக் கருங்கோடு’ என்று ஒரு படம் வந்தது. பறக்கும் விமானத்துக்கு முன்னால் கருப்பாக ஒரு கோடு நீண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மகன் இரவெல்லாம் தூங்கவில்லை. நான்காம் வகுப்பு படிக்கிறான். “வானம் விரிசல் விட்டுடுச்சாம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது விரிசல் இல்லை, விமானம் விட்டுச் செல்லும் வெள்ளைக் கோட்டின் நிழல். விமானம் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் குளிர் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும். இன்ஜினிலிருந்து வெளியேறும் நீராவி அங்கே நொடியில் பனித்துகளாக உறைந்துவிடும். ஜெட் புகை என்று நாம் சொல்லும் வெள்ளைக் கோடு இதுதான். காற்று உலர்ந்திருந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நின்று பரவும். அதற்குக் கீழே சல்லாத்துணி மாதிரி மெல்லிய மேகம் இருந்தால் கோட்டின் நிழல் அதன்மேல் விழும். நாம் தரையிலிருந்து அந்தத் திரையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறோம்.

சரி, விமானம் இன்னும் போகாத இடத்தில் கோடு எப்படி வந்தது? மக்கள் பயந்ததும் இதற்குத்தான். யாரோ முன்கூட்டியே கோடு போட்டு வைத்தது போலவும், விமானம் அதைப் பிடித்துக்கொண்டே போவது போலவும் தெரிகிறது. மகனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தேன். அவன் டிரேசிங் பேப்பரைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டான். நான் அதற்கு மேலே ஒரு பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்து, பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடித்தேன். பென்சில் முனைக்கு முன்னால் தாளில் கருப்பாக ஒரு கோடு நீண்டது. “அய்யோ, நிழல் முந்திப் போகுது!” என்றான். சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும்போது மேலே நடப்பதும் இதேதான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2010 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா கடலோரத்தில் அந்தி நேரத்தில் ஏவுகணை ஒன்று கிளம்பியதாகத் தொலைக்காட்சிகள் பரபரத்தன. நம் பக்கம் வரும் விமானத்தின் தடம், தூரத்தில் அடிவானத்திலிருந்து நேரே மேலே எழும்புவது போலத் தோன்றும். தரையில் சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வெயில் இருக்கும். அதனால் தடம் நெருப்பாகச் சிவக்கிறது. கடைசியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அது விமானத் தடமாகத்தான் இருக்க வேண்டும் என்றது.

வாசகர்கள் அனுப்பும் வானப் படங்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கே அவை பிடிக்கும். ஆனால் எடுத்த நேரம், கேமரா பார்த்த திசை, அப்போது சூரியன் இருந்த பக்கம், இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் படத்துக்குக் கீழே போடுங்கள். போன வாரப் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி