கிளிமஞ்சாரோ: பூங்காக் கட்டணத்துக்கான ஒதுக்கீடு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கான பயணச் செலவில் விமானக் கட்டணத்தைக் கணக்கிட்டவர்களில் பலரும் தேசியப் பூங்காக் கட்டணத்தைச் சிறு நுழைவுச்சீட்டாகவே எண்ணியிருப்பதால் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் நாளொன்றுக்கு 70 டாலர், கூடாரத்தில் தங்க இரவொன்றுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் பயணத்துக்கு ஒருமுறை 20 டாலர். இவற்றின் மேல் 18 விழுக்காடு வரியும் உண்டு. ஆகவே ஏழு பகல், ஆறு இரவு கொண்ட மச்சாமே என்ற மலையேற்ற வழிக்கு 810 டாலரும் வரியுமாகச் சுமார் 956 டாலர் பூங்காவுக்கே போய்விடும். மரங்கு என்ற மற்றொரு வழியில் கூடாரத்துக்குப் பதில் குடில் என்பதால் இரவுக் கட்டணம் 60 டாலர்.

ஒரு நாளைக் குறைத்தால் வரியோடு ஏறத்தாழ 142 டாலர் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் 5,895 மீட்டர் உயரத்துக்கு உடலைப் பழக்கும் நாளைத்தான் அப்படி விற்கிறோம், எனவே அந்தச் சிக்கனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மலையேற அனுமதியில்லை. கட்டணத்தையும் பொதுவாக ஏற்பாட்டு நிறுவனமே செலுத்தும். மொத்த விலையே ஆயிரம் டாலரை ஒட்டி வந்தால், மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் சுமைதூக்குவோரின் கூலியிலும் உணவிலும்தான். பூங்காக் கட்டணத்தைத் தனித்தொகையாகக் காட்டும் விலைப்பட்டியலையே கேட்டுப் பெறுங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், முன்பணம் அனுப்புமுன் நடப்பு விகிதத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். பணியாளர் அன்பளிப்புக்குத் தனியே ஒதுக்குங்கள்.