குஞ்சு வயிறும் மருந்துக்கடை அட்டைப்பெட்டியும்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயமுத்தூரில் வேலை அமைந்த சேதியைப் படித்துக் காட்டினேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. நாட்டுக்கோழிப் பண்ணை விஷயத்துக்கு வருகிறேன்.

நாலாம் நாளிலிருந்து குஞ்சு சாகிறது, அறுத்துப் பார்த்ததில் மஞ்சள் கரு கரையாமல் நாற்றமடிக்கிறது, ஈரல் மேல் வெள்ளையாகச் சவ்வு படிந்திருக்கிறது, டாக்டர் ஈ.கோலை என்ற குடல் கிருமி என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்குள் மருந்துக்கடைக்காரர் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி), ஆசிட், ஈஸ்ட் பவுடர், மூலிகை டானிக் என்று ஒரு அட்டைப்பெட்டியே கட்டிக் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவர் பிழைப்பு.

நம் வீட்டில் அடை வைத்துப் பொரித்த குஞ்சு, தாய் கிளறிய குப்பையைத் தாயின் எச்சத்தோடு சேர்த்துத்தான் கொத்தித் தின்றது. நல்ல கிருமி அந்த வழியாகத்தான் குடலுக்குள் போனது. ஹேச்சரியில், அதாவது மெஷினில் பொரிக்கிற இடத்தில், வந்த குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. அதன் குடல் புறம்போக்கு நிலம் மாதிரி. முதலில் வந்து குடிசை போட்டவனுக்குத்தான் இடம். 1971இல் பின்லாந்தில் பிராய்லர் (கறிக்கோழி) பண்ணைகளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பரவியது. அப்போது நூர்மி, ரன்டாலா என்ற இருவர், நோயில்லாத பெரிய கோழியின் குடலில் இருந்ததை எடுத்து, பொரித்த கையோடு குஞ்சுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளின் குடலில் சால்மோனெல்லாவால் லேசில் காலூன்ற முடியவில்லை. 1973இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உன் பெட்டியில் இருக்கும் புரோபயாடிக்குக்குப் பின்னால் இருப்பதும் அதே யோசனைதான். ஆனால் பெரிய கோழியின் குடலில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமி இருக்கும். பாக்கெட்டில் இருப்பது கைவிரலில் எண்ணக்கூடியது. அதனால் கொடுப்பதென்றால் குஞ்சு இறக்கிய அன்றே கொடு. நோய் விழுந்த பிறகு கொட்டுவது காசுக்குக் கேடு.

இன்னொன்று. டேங்கில் குளோரின் போட்டுவிட்டு அதே தண்ணீரில் புரோபயாடிக்கில் இருக்கும் லேக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமியைக் கலக்காதே, செத்துப்போகும். ஒரு பக்கம் ஆன்டிபயாடிக், மறுபக்கம் புரோபயாடிக் என்று ஒரே நேரத்தில் ஊற்றுவதும் அதே கதைதான். தீவன மில்லில் கலப்பதானால் பேசிலஸ் சப்டிலிஸ் மாதிரி, கெட்டித் தோலுக்குள் வித்தாக உறங்கிக் கிடக்கும் கிருமி வகையைக் கேள். தீவனத்தைக் குச்சி குச்சியாக அழுத்தி பெல்லட் போடும் சூட்டைத் தாங்கும்.

பெட்டியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பது ஈஸ்ட் பவுடர் மேல். ஈ.கோலை, சால்மோனெல்லா இரண்டுக்கும் மேலெல்லாம் மெல்லிய இழைகள் உண்டு. குடல் சுவரில் இருக்கும் மேனோஸ் என்ற சர்க்கரையை அந்த இழையால் பிடித்துத்தான் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்டின் மேல்தோலிலும் அதே சர்க்கரை இருப்பதால், கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். ஆசிடில் பியூட்டிரிக் நல்லது. குடல் செல்லுக்கு அதுவே சாப்பாடு, சால்மோனெல்லா உள்ளே நுழையும் வேகத்தையும் அடக்கும். ஆனால் மேலே கொழுப்புப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கு. பூச்சு இல்லாவிட்டால் தீனிப்பையையும் தீனியை அரைக்கும் கற்குடலையும் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். மூலிகை டானிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடு. புட்டியில் என்ன எவ்வளவு என்று எழுதாததை நம்பி என்ன செய்வது? ஓமத்தில் இருக்கும் தைமால் கிருமியின் சவ்வை ஓட்டை போடும் என்பது நிஜம்தான், ஆனால் அளவு தெரிய வேண்டாமா.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போடச் சொன்னாராமே. 2019 ஜூலையிலேயே நம் நாட்டில் கோழிக்கும் மாட்டுக்கும் அதைத் தடை செய்தாகிவிட்டது. மனுசனுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. பழைய ஸ்டாக் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் தொடாதே.

இப்போது நோயில் இருக்கும் குஞ்சுக்கு இந்தப் பெட்டி எதுவும் வைத்தியம் ஆகாது. நாளைக்கே அன்று செத்த குஞ்சு நாலைந்தை ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போ. எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று சோதித்துச் சொல்லட்டும். கூடவே, அதே நாளில் அதே ஹேச்சரியில் குஞ்சு எடுத்தவர்களுக்குப் போன் போட்டு விசாரி. அங்கேயும் மஞ்சள் கரு இப்படியே இருந்தால் கோளாறு முட்டையிலோ ஹேச்சரியிலோ இருக்கலாம்; உன் கொட்டகையை மட்டும் நொந்துகொள்ளாதே.

அடுத்த பேட்சுக்கு, புரூடருக்குள் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு) குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார். இறக்கிய மறுநாள் நாலு மூலையிலிருந்தும் குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தடியில் தீனிப்பையை விரலால் தொடு. மெத்தென்று நிரம்பியிருந்தால் தீனியும் தண்ணீரும் போயிருக்கிறது. காலியாக இருந்தால் அது குளிரில் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது, இல்லையென்றால் தண்ணீர் எங்கே என்றே தெரியாமல் இருந்திருக்கிறது. தீனி உள்ளே போனால்தான் வயிற்றிலிருக்கும் மஞ்சள் கருவும் சீக்கிரம் கரையும். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் லைன் தண்ணீர்க் குழாயையும் பேட்சுக்குப் பேட்ச் கழுவி விடு, உள்ளே வழவழவென்று பாசி பிடித்துக் கிடக்கும்.

ரிசல்ட் வந்ததும் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். போன தடவை கொடுத்தனுப்பிய நாட்டுச்சர்க்கரை தீர்ந்துபோய்விட்டது, அதையும் கவனி.

உன்,
தங்கவேல்