பழைய படத்தின் உரிமையை வாங்குகிறவர்களுக்கு

ரீமேக் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இரண்டு ‘தில்லு முல்லு’களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். 1981இல் கே. பாலசந்தர் எடுத்தது ஒன்று, 2013இல் பத்ரி எடுத்தது இன்னொன்று. ரீமேக்கே கூடாது என்று சண்டைக்கு வரவில்லை. பாலசந்தர் படமே 1979இல் வந்த இந்தி ‘கோல் மால்’ படத்தின் ரீமேக்தான். என் சந்தேகம் வேறு. உரிமைக்குப் பணம் கட்டும்போது அந்தப் படத்தில் எதை வாங்குகிறோம் என்று பார்க்கிறீர்களா?

மீசையையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் சீனிவாசன் நடித்த முதலாளிக்கு மீசை இல்லாதவன் மேல் நம்பிக்கையே கிடையாது. அவரிடம் வேலை பார்க்கும் ரஜினி, ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டதும், மீசை இல்லாத தம்பி ஒருவன் இருப்பதாகப் புளுகுகிறார். முதலாளியின் கிறுக்கிலிருந்தே முளைத்த பொய் அது. அப்புறம் அந்தத் தம்பியாகவும் அவரே நடிக்க வேண்டியிருப்பதால், ஒட்டுமீசை எப்போது கழன்று விழுமோ என்று நமக்கும் பதைக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த மேலுதடு தெரியும்.

புதுப் படத்தில் மீசைக்குப் பதில் பூனைக்கண். சரி, மீசையை வைத்து இன்று யாரும் ஆளை எடைபோடுவதில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் கண்ணின் நிறம் இவன் வேறு ஆள் என்று காட்ட மட்டும்தான் உதவுகிறது. மீசையோடு சேர்ந்து முதலாளியின் கிறுக்கும் போய்விட்டது. முதலாளியாக வரும் பிரகாஷ்ராஜ் பாவம், என்ன செய்வார்!

இன்னொன்று, பயம். ‘தில்லு முல்லு’வுக்கு முந்தின வருடம்தான் பாலசந்தர் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ எடுத்திருந்தார். வேலைக்காக அலைந்து நொந்துபோகும் பையன்களின் கதை. அதைப் பார்த்துவிட்டு இதைப் பாருங்கள். ‘அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்’ என்று ரஜினி சொல்லும் அந்த நீளப் பெயருக்குள் கிடைத்த வேலை போய்விடக் கூடாதே என்ற நடுக்கமும் கேட்கும். புதுப் படத்தின் நாயகன் சிவாவோ, சினிமாவையே கேலி செய்த ‘தமிழ்ப் படம்’ தந்த பழக்கத்தில் ஒவ்வொரு வசனத்தையும் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பது போலவே சொல்கிறார். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், மறைக்கவில்லை. மாட்டிக்கொள்வாரோ என்று மட்டும் ஒரு தடவைகூடப் பதறவில்லை.

எம்.எஸ். விஸ்வநாதனையும் யுவனையும் சேர்த்து இசையமைக்க வைத்தது நல்ல யோசனை. அதே அக்கறையைக் கதைக்கும் காட்டியிருக்கலாம்.

அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் உங்கள் எழுத்தாளரிடம் ஒன்று கேளுங்கள்: இன்றைக்கு இந்தப் பையன் எதற்குப் பயந்து பொய் சொல்வான்? மாதத் தவணைக்கா, வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்றா? அதற்குப் பதில் இருந்தால் மீசை, கண், மூக்கு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு கோரிக்கை. ரீமேக் வெளியாகும் வாரத்தில் பழைய படத்தையும் சுத்தம் செய்து ஒரு காட்சியாவது போடுங்கள். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் மறுபடி வந்தபோது கூட்டம் வந்ததே. பெரிய திரையில் தேங்காய் சீனிவாசனைப் பார்க்க முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

இப்படிக்கு,
இரண்டையும் பார்த்த ஒரு ரசிகன்